கிட்டார் ஒலி மந்தமாக இருக்கிறது, எந்தப் பிக்கப் மாற்றலாம்?

கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். லெஸ் பால் வடிவக் கிட்டார், மஹோகனி உடல், இரண்டு ஹம்பக்கர் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்தான் பிக்கப், அதில் இரட்டைச் சுருள் வகை இது). பெரம்பூரில் சர்ச் ஆராதனையில் வாசிக்கிறீர்கள், கூப்பிட்டால் லைட் மியூசிக் மேடைக்கும் போகிறீர்கள். வீட்டில் தனியாக வாசித்தால் சுமாராக இருக்கிறது, கீபோர்டும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகிறது. நெக் பிக்கப்பில், அதாவது கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருப்பதில், கார்டு பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. "போர்வையைப் போட்டு மூடின மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், சீமோர் டங்கன் ஜேபி வாங்கலாமா, டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டுமே அதிக வெளியீட்டுப் பிக்கப்கள். எந்த மாடல் என்பதைவிட, இவ்வளவு பணம் போட்டால் அந்தப் போர்வை விலகுமா என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பல வருடங்களாகக் கோடம்பாக்கம் பக்கம் கிட்டார், ஆம்ப் பழுது பார்ப்பதுதான் தொழில். உங்கள் கிட்டாரை நான் கேட்டதில்லை. அதனால் கீழே சொல்வதில் மின்சுற்று பற்றியவை உறுதியானவை. ஒலி எப்படி மாறும் என்பவை, இதே மாதிரி கிட்டார்களில் நான் கேட்டதை வைத்துச் சொல்பவை. நேரடிப் பதில் வேண்டுமென்றால்: நீங்கள் சொன்ன இரண்டுமே இந்தக் குறைக்கு மருந்து ஆகாது. கொஞ்சம் குறைவாகச் சுற்றிய, பழைய பாணி ஹம்பக்கர்தான் உங்களுக்கு வேண்டும். ஆனால் அதையும் இன்றைக்கே ஆர்டர் போடாதீர்கள். பிக்கப்பைத் தொடாமலே இந்த மந்தத்தில் பாதி போய்விட வாய்ப்பு இருக்கிறது.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும்தான். சுற்று கூடக்கூட வெளியீடு கூடும், கூடவே இண்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் தன்மை) கூடும். இந்த இண்டக்டன்ஸும், கிட்டாரிலிருந்து போகும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) சேர்ந்து ஒரு ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வெண்ணில் ஒலி ஒரு மேடாக எழும்பும், அதைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரியும். கிட்டார் பளிச்சென்று கேட்கிறதா மந்தமாகக் கேட்கிறதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரின் சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) இண்டக்டன்ஸ் 2.3 ஹென்றி அளவில் இருக்கும். பழைய பாணி ஹம்பக்கருக்கு 4.5 அளவில். நன்றாக அழுத்திச் சுற்றிய அதிக வெளியீட்டு ஹம்பக்கருக்கு 8 வரை போகும். 6 மீட்டர் கேபிள் போட்டால், கிட்டாரின் உள் வயரையும் சேர்த்து சுமார் 700 பிக்கோஃபேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த மேடு ஸ்ட்ராட்டில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே வரும், பழைய பாணி ஹம்பக்கரில் 2,800, அதிக வெளியீட்டு ஹம்பக்கரில் 2,100. கார்டில் ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரிவதற்கான விஷயம் 2,500-லிருந்து 4,000 வரை நிறைய இருக்கிறது. உங்கள் கிட்டாரில் எது வெட்டுப்படுகிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? அதிக வெளியீட்டுப் பிக்கப்பைப் போட்டால் அந்த வெட்டு இன்னும் கீழே இறங்கும்.

கடையில் எல்லோரும் பார்ப்பது கிலோ ஓம் எண்ணைத்தான். "8 கே, 16 கே" என்று எழுதியிருப்பதைப் பார்த்து 16 இருமடங்கு பலம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண் கம்பியின் மின்தடை மட்டும்தான். பழைய பாணி ஹம்பக்கரில் 42 கேஜ் கம்பி இருக்கும். ஜேபியில் அதைவிட மெல்லிய 44 கேஜ், அதனால் மின்தடை 16 கே-க்கு மேல் காட்டுகிறது. மெல்லிய கம்பிக்கு ஒவ்வொரு அடியிலும் தடை அதிகம், அவ்வளவுதான். கேஜ் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு பிக்கப்பின் கே-யை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. இன்னொன்று, தாமிரத்தின் தடை ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். குளிர்ச்சியான அறையில் 8.0 என்று அளந்து அச்சடித்த பிக்கப், நம் ஊர் மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் 8.4 காட்டும். போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

ஜேபியை வெளிச்சமான பிக்கப் என்று சொல்கிறவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அதில் மேல் மிட் (நடு அதிர்வெண்களின் மேல்பகுதி) நன்றாகத் தூக்கி நிற்கும், டிஸ்டார்ஷன் போட்டுத் தனியாக லீட் வாசித்தால் கத்தி மாதிரி வரும். ஆனால் அது மூக்கால் பேசுகிற வெளிச்சம். சுத்தமான டோனில் கார்டு பிரிந்து கேட்க வேண்டும் என்ற உங்கள் தேவைக்கு அது வேறு விஷயம். சூப்பர் டிஸ்டார்ஷன் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. அன்றைய வால்வு ஆம்ப்களில் இன்றைக்கு இருக்கிற கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கிடையாது, அவற்றை முட்டித் தள்ளி டிஸ்டார்ஷனுக்குக் கொண்டுபோக அந்தச் செராமிக் காந்தமும் 13 கே-க்கு மேற்பட்ட சுற்றும் தேவைப்பட்டன. நீங்கள் மல்டி எஃபெக்ட்ஸ் (பல ஒலி விளைவுகளை ஒன்றாகத் தரும் பெட்டி) வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறீர்கள். கெயின் அங்கே வேண்டிய அளவு இருக்கிறது. தேவையில்லாத வெளியீட்டுக்காகத் தேவையான வெளிச்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. முதலில் ஸ்ட்ரிங். கேட்கவே அற்பமாக இருக்கும், ஆனால் சென்னைக் காற்றும் வியர்வையும் ஸ்ட்ரிங்கைத் தின்கிற வேகம் கொடைக்கானலில் இருக்காது. கடற்கரை ஓரமாக இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். விரலை ஸ்ட்ரிங்குக்கு அடியில் விட்டு ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். நிக்கல் பூசிய எஃகு ஸ்ட்ரிங் போடுங்கள். சுத்த நிக்கல் இன்னும் மென்மையாக ஒலிக்கும், இந்தக் கிட்டாருக்கு வேண்டாம்.

அடுத்தது கேபிள். கிட்டாரிலிருந்து மல்டி எஃபெக்ட்ஸ் வரைக்கும் போகிற கேபிள் மட்டும்தான் இங்கே கணக்கு. அதற்கப்புறம் மிக்ஸருக்கு எவ்வளவு தூரம் போனாலும் பிக்கப்பைப் பாதிக்காது. 6 மீட்டரை எடுத்துவிட்டு 3 மீட்டர் போட்டால் பழைய பாணி ஹம்பக்கரின் மேடு 2,800-லிருந்து 3,700 அருகே ஏறும். நண்பரிடம் ஒரு சின்ன கேபிள் கடன் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேடையில் நடமாட நீளம் வேண்டுமென்றால் கிட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு பஃபர் பெடல் (கேபிளின் சுமை பிக்கப்பின் மேல் விழாமல் தடுக்கும் சின்னப் பெட்டி) வைத்துவிட்டு அதற்கப்புறம் நீளமாக இழுக்கலாம்.

மூன்றாவது பிக்கப்பின் உயரம். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் திருகாணித் தலைக்கும் இடைவெளி பாருங்கள். பிரிட்ஜ் பிக்கப்பில் (கிட்டாரின் உடலில் ஸ்ட்ரிங்குகள் தாங்கி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது) 1.6 மில்லிமீட்டர், நெக்கில் 2.4 என்பது கிப்சன் சொல்லும் தொடக்க அளவு. நெக் பிக்கப்பை ஸ்ட்ரிங்கோடு ஒட்டி ஏற்றி வைத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தடித்த ஸ்ட்ரிங் பக்கத்தை நன்றாகக் கீழே இறக்கி, மெல்லிய பக்கத்தைக் கொஞ்சம் மேலே வையுங்கள். பிறகு பிக்கப்பின் ஆறு திருகாணிகளில் மெல்லிய ஸ்ட்ரிங் பக்கத்து மூன்றைக் கால் சுற்று, அரைச் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். நெக்கில் கார்டு குழம்புவதற்கு இது ஒன்றே பல கிட்டார்களில் போதுமானதாக இருந்திருக்கிறது.

நான்காவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: வால்யூம், டோன் பாட், அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை. ஹம்பக்கருக்கு 500 கே பாட் போடுவது வழக்கம். வால்யூமும் டோனும் பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் இரண்டும் சேர்ந்து பிக்கப்பின் மேல் 250 கே சுமையாக இறங்குகின்றன. சுமை கூடினால், அதாவது இந்த எண் குறைந்தால், நான் சொன்ன அந்த மேடு தட்டையாகிவிடும். விலை குறைந்த கிட்டார்களில் பாட்டின் மேல் அச்சடித்ததும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. அண்மையில் திருவான்மியூரிலிருந்து ஒரு கிட்டார் இதே புகாரோடு வந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் நாலு பாட்டிலும் "பி 500 கே" என்று அச்சு. மீட்டரில் ஒன்று 370, மற்றவை அதற்கு அக்கம்பக்கம். 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது வழக்கம்தான், இது அதையும் தாண்டியது. நாலு பாட்டையும் மாற்றினேன். கிட்டாரின் சொந்தக்காரர் பிக்கப் மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டார்.

நீங்களே அளக்கலாம், ஆனால் ஒரு விஷயம்: பிக்கப்பின் வயரைப் பாட்டிலிருந்து எடுத்த பிறகுதான் அளக்க வேண்டும். அது இணைந்திருந்தால் மீட்டர் பிக்கப்பின் 8 கே-யைத்தான் காட்டும், பாட்டை அல்ல. அப்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். டோன் பாட்டுக்குப் போகும் ஒற்றை வயரைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு வாசியுங்கள். டோன் பாட்டின் சுமை போய்விடுவதால் ஒலி திறந்து வரும். அப்படி வந்த ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால் பாட்தான் உங்கள் பிரச்சினையின் பெரும் பங்கு. டோன் கெப்பாசிட்டரை மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டோன் முழுதாகத் திறந்திருக்கும்போது 0.022 மைக்ரோஃபேரடுக்கும் 0.047-க்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது.

பாட் வாங்க எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பெரும்பாலும் 470 கே-தான் கொடுப்பார்கள். தாராளமாக வாங்கலாம், 500-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கேட்காது. ஆனால் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப்போய்க் கடையிலேயே அளந்து, 480, 500 என்று காட்டுபவற்றைப் பொறுக்கி எடுங்கள். முறுக்குப் பிடிக்காத கடைக்காரர் அனுமதிப்பார். பாட்டில் 'ஏ' என்று இருந்தால் காதுக்கு ஏற்ற லாகரிதமிக், 'பி' என்றால் நேர்கோட்டு வகை. வால்யூமுக்கு 'ஏ' வாங்குங்கள். உங்கள் பழைய குமிழ் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் தண்டு பொருந்துகிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக ஒரு சோதனை, இதற்குச் செலவே இல்லை. உங்கள் மல்டி எஃபெக்ட்ஸில் ஈக்யூவை (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் பகுதி) திறந்து 3,000 ஹெர்ட்ஸ் அருகே 6 டெசிபல் ஏற்றுங்கள், 250 அருகே 3 இறக்குங்கள். ஒலி நீங்கள் தேடுகிற இடத்துக்கு வந்துவிட்டால், குறைந்த இண்டக்டன்ஸ் பிக்கப் உங்களுக்கு நிச்சயம் உதவும். ஏற்ற ஏற்ற உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் கூடி, கிட்டார் வெளியே வரவில்லை என்றால், மேல் அதிர்வெண்கள் கிட்டாரை விட்டுக் கிளம்பவே இல்லை என்று பொருள். செத்த ஸ்ட்ரிங், மோசமான கேபிள், அல்லது சுருளுக்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆன பிக்கப் என்று சந்தேகப்படலாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, மறுமுனையில் மீட்டர் வைத்தால் பிக்கப்பின் மின்தடையைப் பின்பக்கம் திறக்காமலே பார்க்கலாம். வால்யூம் பாட் இணையாக இருப்பதால் 8.0 இருக்க வேண்டியது 7.9 அளவில் காட்டும். ஆனால் சில சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் மின்தடை பெரிதாகக் குறையாது. எண் சரியாக இருப்பதாலேயே பிக்கப் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் மந்தம் இருந்தால், அப்போது பிக்கப். 1955-இல் சேத் லவர் கிப்சனுக்காக வடிவமைத்து, 1957-இல் லெஸ் பாலில் ஏறிய ஹம்பக்கர் இருக்கிறதே, அந்த வழியில் வருபவற்றைப் பாருங்கள்: 42 கேஜ், 7-லிருந்து 8.5 கே வரை, அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தம். சீமோர் டங்கனிலேயே பிரிட்ஜுக்கு '59, நெக்குக்கு ஜாஸ் என்ற ஜோடியை உங்களுக்குச் சொல்வேன். ஜாஸ் மாடலில் தடித்த ஸ்ட்ரிங்குகள் இறுக்கமாக நிற்கும், மேலே தெளிவு இருக்கும், உங்கள் நெக் குழப்பத்துக்கு நேரான பதில் அதுதான். நெக்கில் '59 இன்னும் உருண்டையாக, கீழே கனமாக ஒலிக்கும். தனியாகக் கேட்டால் அழகு, கீபோர்டோடு சேர்ந்தால் அதே இடத்துக்குப் போட்டியிடும். டிமார்சியோதான் வேண்டுமென்றால் பாஃப் ப்ரோவைப் பாருங்கள், டோன் ஸோன் பக்கம் போகாதீர்கள். அது மெல்லிய ஒலி தரும் கிட்டாருக்குச் சதை போடச் செய்தது. ஒரே ஒரு பிக்கப்புக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நெக்கை முதலில் மாற்றுங்கள். உங்கள் ஆராதனைப் பாட்டுகளில் கார்டுதான் அதிகம், குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

காந்தத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அல்நிக்கோ 5, அல்நிக்கோ 2-ஐவிட வலுவான காந்தம் என்பது உறுதி. அதே சுருளில் 5 போட்டால் கீழும் மேலும் கொஞ்சம் இறுகும், 2 போட்டால் மென்மையாகும் என்பது பலரும் கேட்டுச் சொல்வது, என் காதும் அதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் சுற்றின் எண்ணிக்கை தருகிற வித்தியாசத்துக்கு முன்னால் அது சின்னது. கம்பெனிகள் இணையதளத்தில் போடும் பேஸ், மிட், ட்ரெபிள் எண்கள் அந்தந்தக் கம்பெனிக்குள் ஒப்பிட மட்டும் உதவும். ஒரு கம்பெனியின் ட்ரெபிள் 7-ஐ இன்னொன்றின் 7-ஓடு வைத்துப் பார்க்கக் கூடாது.

மஹோகனி என்பதால்தான் இருட்டா என்று நடுவில் கேட்டிருக்கிறீர்கள். மின்கிட்டாரில் மரம் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் கிட்டார் செய்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒரே மரம், ஒரே மாடல் கிட்டார்கள் இரண்டு என் மேசையில் வேறு வேறாக ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். காரணம் பார்த்தால் பெரும்பாலும் பாட்டிலோ உயரத்திலோதான் போய் நின்றிருக்கிறது. அதனால் மரத்தின் மேல் பழி போடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உலோக மூடி போட்ட பிக்கப் வாங்கினால் மூடி நிக்கல் சில்வரா என்று கேளுங்கள். பித்தளை மூடியில் சுழல் மின்னோட்டம் அதிகம் உண்டாகி மேல் அதிர்வெண்களைத் தின்றுவிடும். உங்கள் இப்போதைய பிக்கப்பில் மூடி இருந்தால் அதுவே ஒரு குற்றவாளியாக இருக்கலாம். மூடி இல்லாததை வாங்குவது இந்தக் கிட்டாருக்கு இன்னும் நல்லது. பிரிட்ஜில் முதல் ஸ்ட்ரிங்கின் நடுவிலிருந்து ஆறாவது ஸ்ட்ரிங்கின் நடு வரை அளந்து பாருங்கள், 50 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சாதாரண அளவு, 52-ஐத் தாண்டினால் அகலமான வகை. இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் ஒலி கெட்டுவிடாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். நாலு வயர் உள்ளதை வாங்கினால் பின்னால் இரண்டு காயிலையும் இணையாக மாற்றி இணைக்கும் வசதி கிடைக்கும், சுத்தமான டோனுக்கு அது மிகவும் உதவும்.

வயரின் நிறத்தில் கவனம் வேண்டும். சீமோர் டங்கனில் கறுப்பு சூடான முனை, பச்சையும் உறையில்லாத கம்பியும் எர்த், சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து டேப் ஒட்டிவிட வேண்டும். டிமார்சியோவில் சிவப்புதான் சூடான முனை, கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சை எர்த். நெக்கில் ஒரு கம்பெனி, பிரிட்ஜில் பழைய பிக்கப் என்று கலந்தால், நடு சுவிட்சில் ஒலி மெலிந்து மூக்கடைத்த மாதிரி வரலாம். அது எதிர்க்கட்டம், இரண்டு பிக்கப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. புதிய பிக்கப்பின் சூடான முனையையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், உறையில்லாத கம்பியை மட்டும் எர்த்திலேயே விட்டுவிடுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் போனில் இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். சோல்டரிங் பழக்கம் இல்லையென்றால் பாட்டின் முதுகில் எர்த் வைப்பதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தத் தடித்த உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சின்ன 25 வாட் அயர்னை வெகுநேரம் வைத்து அழுத்தினால் பாட் உள்ளே கருகிவிடும்.

பாட் நான்கின் அளவு, இரண்டு பிக்கப்பின் மின்தடை, இப்போது போட்டிருக்கிற கேபிளின் நீளம், இவற்றை அளந்து இதன் கீழே எழுதுங்கள். பிரிட்ஜையும் மாற்ற வேண்டுமா, நெக்கோடு நிறுத்தலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.